செவ்வாய்க்கிழமை மூன்று மணி

கல்லூரியில் புள்ளியியல் படித்தவள் என்பதை நான் யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ரயில்வே ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, எடமலைப்பட்டி புதூரில் வாடகை வீட்டில் யார் வம்புக்கும் போகாமல் குடியிருந்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரியிடம் பேச்சுவாக்கில் வாயை விட்டேன். பாயசம் வருவதற்குள் விஷயம் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த குழந்தைகள் நலச் சங்கத் தலைவியின் காதுக்குப் போய்விட்டது.

தலைவி கண்டோன்மெண்டில் பெரிய வக்கீல் ஒருவரின் மனைவி. கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க சங்கத்தோட வேலை எவ்வளவு பலன் கொடுத்திருக்குன்னு ஒரு ஸ்டடி பண்ணிக் கொடுக்கணும். நமக்கு நிதி கொடுக்கற ஃபாரின்காரங்க கேட்கறாங்க. பலன் இருக்குன்னு தெரியும். நீங்க அதைக் கணக்குல காட்டினாப் போதும்."

பலன் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை அல்ல, இருப்பதாகச் சொல்லிவிட்டுப் பிறகு பார்க்கும் வேலை என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். ஆபீஸில் என் படிப்பை யாரும் சீந்தியதில்லை. கை ஈரத்தோடு நிற்கும் ஒரு அம்மாள் அதைக் கேட்டு வாங்குகிறாரே என்று உச்சி குளிர்ந்துபோனது உண்மை.

சங்கம் என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் ஒரு சிறுவர் இல்லம் இருந்தது. பெற்றவர்கள் இல்லாத, இருந்தும் இல்லாத, ரயிலடியில் கண்டெடுத்த பிள்ளைகளெல்லாம் அங்கே இருந்தார்கள். அவ்வப்போது மாமா, சித்தப்பா, பெரியம்மா என்று யாராவது வந்து "எங்க பிள்ளை, எங்ககிட்டக் கொடுங்க" என்று மனுப் போடுவார்கள். கொடுக்கலாமா கூடாதா என்று ஒரு மாஜிஸ்திரேட் விசாரித்து முடிவு செய்வார். அந்த இடத்தில் பிள்ளையின் பக்கம் நின்று பேச ஆள் வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் சங்கம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொண்டர். தொண்டர் பிள்ளையோடு பழகி, அதன் மனசைத் தெரிந்துகொண்டு, விசாரணையில் அதற்காகப் பேச வேண்டும். சங்கத்தின் லெட்டர் தலைப்பில் 'குழந்தையின் குரல் நாங்கள்' என்று பச்சை மையில் அச்சடித்திருந்தது. யோசனை என்னவோ அருமையான யோசனைதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

ஃபாரின்காரர்கள் கேள்விகளை அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். நான் தொண்டர்கள் வீடு வீடாகப் போய் அவற்றைக் கேட்டேன். பிள்ளையை அடிக்கடி பார்க்கிறீர்களா? பார்க்கிறோம். விசாரணை நாளன்று போகிறீர்களா? தவறாமல் போகிறோம். பிள்ளைக்கு உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறதா? என்ன அப்படிக் கேட்டுவிட்டீர்கள், உயிரையே வைத்திருக்கிறது. வீட்டுக்கு வீடு காபி, பஜ்ஜி. எந்த ஆய்வும் இவ்வளவு ருசியாக நடந்திருக்காது. தலைவி சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

தொண்டர்களில் ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் இருந்தார். உத்தர வீதியில் வீடு, ஐம்பதைத் தாண்டிய வயது, பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில். அவர் பொறுப்பில் இரண்டு பெண்கள். ஒருத்தி எட்டாம் வகுப்பு படிக்கும் பெரியவள். இன்னொருத்தி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரியும் சின்னவள். இருவரும் கூடப் பிறந்தவர்கள் அல்ல, இல்லத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். மாமி புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவார். சின்னவளை மடியில் உட்காரவைத்துப் பேன் பார்ப்பார். அந்தக் காலத்தில், அந்த வீதியிலிருந்து வந்த ஒரு மாமி, எந்த ஊர் எந்தக் குலம் என்று தெரியாத பிள்ளைக்குப் பேன் பார்த்தது சாதாரண விஷயமில்லை. நடிப்புக்காகச் செய்யவில்லை. நடிப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் போட்டோக்காரரோடு வருவார்கள்.

பெரியவளைத் தனியே கூப்பிட்டு நான் கேட்டேன்.

"மாமி உனக்காக என்னல்லாம் செய்யறாங்க?"

"புளியோதரை கொண்டு வருவாங்கக்கா. வளையல் வாங்கிக் கொடுத்தாங்க."

"உனக்காகப் பேசுவாங்களா?"

"ம், பேசுவாங்க."

"யார்கிட்ட?"

"சாமிகிட்ட."

ஃபாரின்காரர்களின் தாளில் இந்தப் பதிலுக்குக் கட்டம் இல்லை. நான் 'ஆம்' என்பதில் டிக் போட்டுவிட்டு, போட்ட பிறகு பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை விசாரணையை நேரில் பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

இல்லத்தின் முன்பக்க அறையிலேயே விசாரணை நடக்கும். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை மூன்று மணி. மற்றக் கோர்ட்டு வேலைகளெல்லாம் போக மிச்சமிருந்த, வேறு யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய நேரம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருந்தது. நான் போன அன்று சின்னவளின் மனு விசாரணைக்கு வந்தது. அத்தை என்று ஒரு பெண்மணி, கூட அவள் புருஷன். இருவரும் பவ்யமாகக் கை கட்டி நின்றார்கள். சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "சங்கத்துலேருந்து யாராவது வந்திருக்காங்களா?" என்றார்.

யாரும் வரவில்லை.

"சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை போலிருக்கு," என்று அவரே சொல்லி எழுதிக்கொண்டார். சின்னவளின் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தார்கள். அத்தை என்ற பெண்மணி அந்தக் கையைப் பிடித்தாள். குழந்தை வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. பெரியவள் தூணோரம் நின்றுகொண்டிருந்தாள், அழக்கூட இல்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். அதற்கும் சங்கம் வரவில்லை, அதற்கு அடுத்ததற்கும் இல்லை.

எல்லாம் முடிந்து மாஜிஸ்திரேட் கிளம்பும்போது நான் வழிமறிக்காத குறையாகப் போய், பிள்ளைகளையே ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"முன்னெல்லாம் நான் பிள்ளைங்களைத்தாம்மா கேட்டுக்கிட்டிருந்தேன். போறியாப்பா, இருக்கியாப்பான்னு. சின்னப் பிள்ளைங்க கோர்ட்டுல நின்னு பதில் சொன்னா மனசு பாதிக்கும், இனிமே அவங்களுக்காக நாங்க பேசறோம்னு உங்க சங்கம்தான் எழுதிக் கொடுத்துச்சு. நியாயமாத்தானே இருந்துச்சு, சரின்னுட்டேன்."

ஆக, சங்கம் வருவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு வாய் இருந்தது. சங்கம் வந்து அந்த வாயை மரியாதையாக வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டுவிட்டது. இதுதான் நான் கண்டுபிடித்த முதல் பலன்.

ஐந்து மணி ஆவதற்குள் தொண்டர்கள் வரத் தொடங்கினார்கள். கையில் பை, முகத்தில் பவுடர், தலையில் பூ. மாமியும் வந்தார், தூக்கில் புளியோதரை. சின்னவள் போய்விட்டாள் என்று சொன்னதும் ஒரு கணம் முகம் வாடியது. பிறகு, "சொந்தக்காராளோட சேர்ந்துட்டாளே, அது ஒரு விதத்துல நல்லதுதானே. பெருமாள் பாத்துப்பார்," என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, சின்னவளின் பங்கையும் பெரியவளின் இலையிலேயே வைத்தார். அவள் இரண்டு பங்கையும் தொடவில்லை. தொண்டர்கள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. விசாரணை நாளன்று தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தார்கள், விசாரணை முடிந்து வந்தார்கள்.

ஏன் என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையில், இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்ற இரக்கம் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை மூணுலேருந்து நாலரை ராகு காலமாச்சே," என்றார் மாமி. "நல்ல காரியத்துக்கு அப்பப் போய்ப் பேசுவாளா யாராவது? குழந்தைக்குன்னா ஆகாது?"

சங்கத்தில் பாதிப் பேருக்கு இதே காரணம். மறுபாதியில் ஒரு கத்தோலிக்க டீச்சர், "செவ்வாய்னா எங்களுக்கு அந்தோணியார் நவநாள். மெழுகுவத்தி வாங்கிட்டு மூணு மணிக்கே கோயிலுக்குப் போனாத்தான் இடம் கிடைக்கும். இங்க இருக்கற பிள்ளைங்களுக்காகவும் சேர்த்துத்தாங்க வேண்டிக்கறேன்," என்றார். ஃபாக்டரியில் எஞ்சினியராக இருந்த ஒருவருக்குச் செவ்வாய்தோறும் மீட்டிங், அது ஒன்றுதான் இதில் லௌகீகம். எம்மதமும் சம்மதம் என்று மேடையில் பேசுவார்கள், சரியாக மூன்று மணிக்கு அதை நடைமுறையில் பார்த்தேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தை முழுங்கிக்கொண்டு தலைவியிடம் போய்ச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நேரத்தை மாத்தச் சொல்லி எழுதலாம்," என்றார். எழுதினார்கள். மாற்ற முடியாது என்று பதில் வந்தது. "நம்ம முயற்சியை ரிப்போர்ட்ல சேர்த்துக்குங்க," என்றார் தலைவி.

இதற்கிடையில் பெரியவளைக் கேட்டு ஒரு சித்தப்பா முளைத்தார். உறையூர்ப் பக்கத்தில் அவருக்கு வீட்டோடு கல் பட்டறை. செயற்கை வைரக் கல்லைச் சக்கரத்தில் வைத்துப் பட்டை தீட்டுவார்கள். சின்ன விரல், கூர்மையான கண் உள்ள பெண்பிள்ளைகளுக்கு அங்கே நல்ல கிராக்கி. இத்தனை வருஷம் அவள் இருக்கிறாளா செத்தாளா என்று பார்க்காதவருக்கு, அவள் விரல் முழுநேர வேலைக்கு ஏற்ற வயதுக்கு வந்ததும் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அடுத்த செவ்வாய் விசாரணை.

"நான் போகலைக்கா," என்றாள் பெரியவள். "அங்க போனா ஸ்கூல் கிடையாது. சின்ன வயசுல கொஞ்ச நாள் அங்கதான் இருந்தேன். மாமிகிட்டச் சொல்லுங்க."

ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். மாமி பூஜையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் என்ன சொல்லியும் ஒன்றும் ஏறவில்லை. அன்பு இல்லாமல் இருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பு இருந்ததுதான் தொல்லை. யாரோ பிள்ளையாக இருந்தால் ராகு காலத்தில் வந்துவிட்டுப் போயிருப்பார், இது தன் பிள்ளை, அதனால் வரமாட்டார். கடைசியில் நான் மாமியின் பாதையிலேயே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

"மாமி, ஊருக்குப் போற நாள் சரியில்லைன்னா பரஸ்தானம் வைப்பீங்க இல்லையா? முதல் நாளே நல்ல நேரத்துல ஒரு பொருளை வேற வீட்டுல கொண்டுபோய் வெச்சுட்டா, அப்பவே கிளம்பின மாதிரிதானே?"

மாமி யோசித்தார். இதை நான் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"வெக்கலாம்தான். கிளம்பற தோஷம் அதுல போயிடும். பேசற தோஷம் போகாதே."

"வாங்க, பேசறதை அங்க பார்த்துக்கலாம்."

திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்து மாமி தன் குடையை என்னிடம் கொடுத்தனுப்பினார். அது ஸ்ரீரங்கத்திலிருந்து எடமலைப்பட்டி புதூருக்கு என் மடியில் பயணம் செய்து, என் வீட்டு அலமாரியில் இராத்தங்கியது. சாஸ்திரப்படி மாமி அங்கேதான் தங்கியிருந்தார். என் ஆய்வுக்கான வேலைகளில் உருப்படியாக எதையாவது செய்தேன் என்றால் அந்தக் குடையைச் சுமந்ததுதான்.

செவ்வாயன்று மூன்று மணிக்கு முன்பே மாமி வந்துவிட்டார். மடிப்புக் கலையாத புடவை, உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது, கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு அகலவில்லை. நாலரைக்குப் பிறகு கூப்பிட்டால் தேவலை என்று வேண்டிக்கொண்டிருந்தார் போலும். பெரியவளின் வழக்கைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

சித்தப்பா சலவைச் சட்டையில் வந்து, அண்ணன் பெண் இல்லாமல் வீட்டில் விளக்கே எரியவில்லை என்கிற மாதிரி பேசினார். மாஜிஸ்திரேட் வழக்கம்போல, "சங்கத்துலேருந்து யாராவது?" என்று, பதில் வராது என்ற நிச்சயத்தோடு பேனாவைத் திறந்தார்.

மாமி எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார். பெரியவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அம்மாள் இப்போது உட்கார்ந்துவிட்டால் அந்தப் பெண் சக்கரத்தில் விரலைத் தேய்த்தே முடிந்துவிடுவாள் என்று தெரிந்தது.

"சொல்லுங்கம்மா," என்றார் மாஜிஸ்திரேட்.

"இல்லே, வந்து... நான் இப்ப வாயைத் திறந்தா அவளுக்கு ஆகாது," என்றார் மாமி. "அவளையே கேட்டுடுங்கோ."

சொல்லிவிட்டு, பெரிய அபசாரம் செய்துவிட்டவர் மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாஜிஸ்திரேட் மேஜையிலிருந்த காகிதங்களைத் தள்ளி வைத்துவிட்டுப் பெரியவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, சித்தப்பாவோட போறியா?"

"போகலை சார். அங்க ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்க. பட்டறையில உட்கார வைப்பாங்க. முன்னாடி உட்கார வெச்சாங்க." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியில் பழைய தழும்புகள் இருந்தன. "நான் எட்டாவது படிக்கிறேன் சார். இங்கயே இருக்கேன்."

வேறொன்றும் தேவைப்படவில்லை. சித்தப்பாவின் மனு தள்ளுபடியானது. அவர் போகிற போக்கில் மாமியை முறைத்துவிட்டுப் போனார். நாலரை ஆகும்வரை மாமி இடத்தை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து பெரியவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன், புள்ளியியல் படித்தவளாக இருந்தும்.

ரிப்போர்ட் எழுதி முடித்தேன். தொண்டர்கள் மூன்று மணிக்கு வர வேண்டும், வந்து பேசக்கூட வேண்டாம், பிள்ளையைக் கேளுங்கள் என்று சொன்னால் போதும் என்று எழுதியிருந்தேன். தலைவி படித்துவிட்டு, "ரொம்ப பெர்சனலா இருக்கு," என்று அந்தப் பக்கங்களை மட்டும் நாசூக்காக எடுத்துவிட்டார். மிச்சத்தை அவரே டைப் அடிக்கக் கொடுத்தார். அதன் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பினார்கள், நல்ல வழவழப்பான தாள். 'குடும்பத்தோடு சேர்த்து வைக்கப்பட்ட பிள்ளைகள்' என்ற தலைப்பில், அதாவது வெற்றிகளில், சின்னவள் இருந்தாள். 'சேர்த்து வைக்க இயலாதவர்கள்' என்ற தலைப்பில் பெரியவள் ஒருத்தி மட்டும் இருந்தாள். சங்கம் வந்த பிறகு எந்தப் பிள்ளையிடம் அதன் விருப்பத்தைக் கேட்டார்களோ, அந்த ஒரே பிள்ளைதான் சங்கத்தின் ஒரே தோல்வி. ஃபாரின்காரர்கள் மகிழ்ந்துபோய் ஒரு வேன் கொடுத்தார்கள். வேனுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, நல்ல நேரத்தில் ஓட்டினார்கள்.

இதைப் பெரியவளிடம் வேடிக்கையாகச் சொன்னேன். மாமியும் பக்கத்தில் இருந்தார். அவள் சிரிக்கவில்லை.

"அவ வெற்றியாக்கா?" என்றாள். "அவளைப் போய்ப் பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. யாருமே போய்ப் பார்த்திருக்கவில்லை. வெற்றி என்று எழுதிய பிறகு அதைப் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை.

"ஞாயித்துக்கிழமை போலாம்," என்றார் மாமி. "நாலரைக்குத்தான் ராகு காலம், அதுக்குள்ள திரும்பிடலாம்."

அத்தை கொடுத்திருந்த விலாசம் மதுரை ரோட்டுப் பக்கம், என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இத்தனை நாளும் நான் மார்க்கெட்டுக்குப் போகும் வழி. ஓட்டு வீடு, பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே பேசினாள்.

"அவங்க காலி பண்ணிப் போயிட்டாங்களே. எந்த ஊருன்னு தெரியலைங்க. அந்தச் சின்னப் பொண்ணா? அது ஒரு மாசம்கூட இங்க இல்லைங்க. வீட்டு வேலைக்குன்னு யாரோ வந்து கூட்டிக்கிட்டுப் போனாங்க."

"எங்கே?" என்றார் மாமி.

"தெரியலைங்க."

சின்னவளுக்காகக் கிளறி எடுத்து வந்த புளியோதரைத் தூக்கோடு மாமி அந்தப் பூட்டின் முன்னால் நின்றார். நான் கூப்பிட்டேன், வரவில்லை. நாலரை அடித்துப் போயிற்று. அவர் மணி கேட்கவே இல்லை. பிறகு நாங்கள் போலீஸில் எழுதிக் கொடுத்தோம், தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தோம், அவள் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு இல்லத்துக்குப் போனேன். மணி மூன்று. சங்கத்தின் புது வேன் வரவில்லை, நாலரைக்கு மேல்தான் வரும். மாமி ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், குடையும் பரஸ்தானமும் இல்லாமல். அன்று பெரியவளுக்கு விசாரணை ஏதும் இல்லை. மாமியின் பொறுப்பில் வேறு பிள்ளையும் இல்லை. யாரோ ஒரு பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். மாஜிஸ்திரேட் கேட்பதற்கு முன்பே மாமி எழுந்து நின்று, "குழந்தையைக் கேளுங்கோ," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடி எழுந்தார்.